கண்ணாடி பார்த்த சறுக்கு

கப்பலின் மேல்தளத்தில் ஒரு நீர்ச்சறுக்கு இருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அதில் ஏறக் கூடாது. அதனால் கோமளவல்லி தன் தடித்த கண்ணாடியைக் கழற்றி, நாற்காலியில் கிடந்த துண்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

"நான் இல்லாவிட்டால் எதிரே நிற்கிற ஆள்கூட அவளுக்குத் தெரியாது. விழுந்துவிடுவாள்" என்று கண்ணாடி பதறியது.

"இரு, பார்ப்போம்" என்றது துண்டு.

கோமளவல்லி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி ஏறினாள். உச்சியில் நின்ற பணிப்பெண்ணிடம், "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா. எங்க உட்காரணும்னு கையைப் பிடிச்சுக் காட்டுறியா?" என்று கேட்டாள். அந்தப் பெண் உட்கார வைத்தாள். கோமளவல்லி வளைந்து வளைந்து வழுக்கி வந்து, தண்ணீரில் தொப்பென்று விழுந்து, வாய்விட்டுச் சிரித்தபடி எழுந்தாள்.

"ஆறு வருஷமாக அவள் மூக்கின் மேலேயே இருக்கிறேன். அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றது கண்ணாடி.

ஈரக் கையோடு வந்தவள், கண்ணாடி பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

கண்ணாடி துண்டிடம் சொன்னது: "காற்றில் உன் ஓரம் எழும்பி எனக்கு மறைக்கிறது. கொஞ்சம் படுத்துக்கொள்."