இந்த வருஷம் லீவு இல்லை

"அப்பா, எங்கே இருக்கேள்? என்னமோ இரைச்சலாக் கேக்கறதே?"

"ஆத்துலதான் இருக்கேம்மா. வேற எங்கே போகப் போறேன்? இங்கே மழை கொட்டறது, அந்தச் சத்தம்தான்" என்றார் பஞ்சாபகேசன்.

பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த சிவதாணு அண்ணாந்து பார்த்தார். மே மாத வானம் வெளுத்துக் கிடந்தது. பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. பூவாரில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்த மணல் தீவில், படகுகள் வந்து வந்து ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன.

பஞ்சாபகேசனுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பெங்களூரிலும் மழைதான் என்றாள் மகள் மாளவிகா. ஆபீஸில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, நவராத்திரிக்குக் கட்டாயம் வருகிறேன், மோர் சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு வைத்தாள்.

"பெத்த மகள்கிட்ட எதுக்கு சாமி பொய்?" என்றார் சிவதாணு.

பஞ்சாபகேசன் துண்டை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, கவிழ்த்துப் போட்டிருந்த மீன்பிடி வள்ளத்தை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கடலுக்கு முதுகைக் காட்டியபடி.

சிவதாணுவுக்கு எரிச்சலாக வந்தது. சாலைக் கடைத்தெருவில் இருந்த ஜவுளிக்கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, இந்த மனிதருக்காகத்தான் ஒரு நாளை ஒதுக்கி வந்திருந்தார். வலியசாலையில் அத்தனை பெரிய வீட்டில் பஞ்சாபகேசன் ஒற்றை ஆள். மனைவி சாவித்ரி போன பிறகு, பகல் முழுக்க டி.வி.யை ஓடவிட்டிருப்பார். பார்ப்பதில்லை. வீட்டில் யாராவது பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று ஒரு தரம் சொன்னார்.

மே மாதம் வந்தால் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் வருவார்கள். அதற்காகவே இந்த வருஷம் மாடி அறைக்கு ஏ.சி. வைத்தார். குழந்தைக்குப் பிடிக்கும் என்று பலாப்பழச் சக்க வறட்டி கிளறச் சொல்லி வாங்கி வைத்தார். போன வாரம் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் பார்த்தபோது, "மாளவிகாவுக்கு இந்த வருஷம் லீவு இல்லையாம் ஓய்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் சிவதாணு, ஒரு நாள் எங்காவது போய் வருவோம் என்று பிடிவாதமாகக் கிளப்பிக்கொண்டு வந்தார்.

படகில் வரும்போது மனிதர் நன்றாகத்தான் இருந்தார். கண்டல் மரங்களுக்கிடையே நீர்க்காகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு அனுப்ப வேண்டும் என்று படம் எடுத்தார். கரை இறங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அலையில் கால் நனைக்க முன்னால் போனார். பாதி தூரம் போனவர் அப்படியே நின்றார். பிறகு, சூடுபட்டவர் மாதிரி விறுவிறுவென்று திரும்பி வந்து இந்த வள்ளத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவர்தான்.

தலைசுற்றலா என்று சிவதாணு கேட்டார். இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டதா என்றார். அதுவும் இல்லை. இளநீர் வாங்கிக் கொடுத்தார். கையில் பிடித்துக்கொண்டிருந்தாரே தவிரக் குடிக்கவில்லை.

"சாமி, கடல் அந்தப் பக்கமாக்கும்."

"தெரியும் ஓய்."

"இவ்வளவு தூரம் வந்து ஆத்தப் பாத்துட்டு இருக்கதுக்கு, கரமனை ஆத்தங்கரையிலயே இருந்திருக்கலாமே. நான் சொல்லுதத கேளும். நீரு இப்படி ஒரு நாள் வெளியில வந்தீருன்னு தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும். வர முடியலையேன்னு அங்க அவ மனசு என்ன பாடு படுதோ. போனக் கொண்டாரும். நான் சொல்லுதேன் அவகிட்ட."

கை நீட்டிய சிவதாணு திகைத்துப்போனார். பஞ்சாபகேசன் இளநீரைக் கீழே போட்டுவிட்டு, ஃபோனை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் ஓய். உமக்குப் புண்ணியமாப் போகும். கிளம்பிடலாம்."

படகுக்காரன் விபின், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே சாரே, படகு உங்களுக்காகத்தானே நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தான். பஞ்சாபகேசன் கேட்கவில்லை. எழுந்து, இருந்த ஒரே குடையை விரித்துத் தோளில் சாய்த்துக் கடல் பக்கம் மறைத்துக்கொண்டார். நேராக நடந்தால் படகு கூப்பிடு தூரம்தான். அவர் அப்படிப் போகாமல், மணல்மேட்டைச் சுற்றிக் கொதிக்கிற மணலில் நடந்தார்.

சிவதாணு பின்னாலேயே போனார். தனியாக இருந்து இருந்து மனிதர்களைக் கண்டாலே ஆகாமல் போய்விட்டது இவருக்கு என்று நினைத்துக்கொண்டார். இனிமேல் எங்கேயும் கூப்பிடுவதில்லை. அலையோரத்தில், மணலில் நட்டிருந்த ஒரு பெரிய நீலக் குடைக்கு அக்கம்பக்கத்தில், குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக விளையாடிக்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பெண் அலை துரத்தத் துரத்தக் கிறீச்சிட்டு ஓடினாள்.

படகில் ஏறி உட்கார்ந்ததும் சிவதாணுவால் பொறுக்க முடியவில்லை. அப்படி என்னதான் பார்த்துவிட்டீர் அங்கே, இப்படிப் பயந்து ஓடி வர என்று கேட்டேவிட்டார்.

பஞ்சாபகேசன் குடையை இறக்கவில்லை. விபின் மோட்டாரை முடுக்கி, படகு கரையைவிட்டு நன்றாக விலகும்வரை அதைக் கடல் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தார்.

"அவளுக்கு லீவு கிடைச்சுடுத்து ஓய்" என்றார் மெதுவாக. "மாமனார் மாமியாரோட அந்த நீலக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தா. என்னைப் பார்த்திருந்தா, பாவம், அவா முன்னாடி என்கிட்ட என்ன சொல்றதுன்னு அவளுக்குத் தெரியாமப் போயிருக்கும்."