நகத்தில் ஊறும் நிறம்

மன்னார் பஸ் நிலையத்தடியில் உச்சிவெயில். அம்புலன்ஸில் வேலைசெய்யும் பஸ்ரியன், நடைபாதை வியாபாரி பாயிஸின் தட்டிலிருக்கும் கறுப்புக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கிறான். வேலையில், கடற்கரை மணலில் மயங்கிக் கிடப்பவர்களைக் குனிந்து பார்க்கையில் வெயில் கண்ணைப் பறிக்கிறது. அவனுடைய பழைய பச்சைக் கண்ணாடியோ, போன கிழமை ஒரு மீனவரின் உதடு நீலம் பாய்ந்ததை மறைத்துவிட்டது. மனிதர் மயிரிழையில் தப்பினார். "என்ர வாயை ஏன் தம்பி இப்பிடிப் பாக்கிறியள்?" என்கிறார் பாயிஸ். "உதட்டு நிறம் சரியாத் தெரியுதோ எண்டு பாக்கிறன், நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொல்கிறான் பஸ்ரியன். "இது வெத்திலை வாய். மௌத்தாகி அடக்கினாலும் சிவப்பாத்தான் கிடக்கும். நகத்தைப் பாருங்கோ," என்று சிரித்துக்கொண்டே அவர் கையை நீட்டுகிறார். பழுப்புக் கண்ணாடிக்குள் கோட்டைச் சுவரும் தெருக் கழுதைகளும் தூக்கத்தில் மிதப்பதுபோல் நிற்கின்றன. பஸ்ரியன் அவருடைய நகத்தை அழுத்திப் பிடித்து, பிடியைத் தளர்த்துகிறான். வெளுத்த நகத்தில் இளஞ்சிவப்பு ஊறி வருகிறது. அடுத்த விரலையும் அழுத்துகிறான். அதிலும் வருகிறது. "இதையே தாங்கோ," என்கிறான், கையை விடாமல். பாயிஸும் இழுத்துக்கொள்ளவில்லை.