நீண்டுபோன காசு

வந்தவர் நீட்டிய காசு முட்டை வடிவில் நசுங்கியிருந்தது. நாணய வியாபாரி லென்ஸை எடுத்தார்.

"அச்சடிக்கும்போதே இப்படி ஆயிருக்குமா?"

எல்லோரும் கேட்பதுதான். தப்பாக அச்சான காசுக்கு நல்ல விலை உண்டே!

"கோவிச்சுக்காதீங்க சார். அச்சுல தப்பு நடந்திருந்தா எழுத்து கூரா இருக்கும். இதுல எழுத்தே இழுபட்டிருக்கு. ரயில் ஏறின காசு, காலணா பெறாது."

"தவறி விழுந்திருக்குமோ?"

"தண்டவாளத்து மேல பார்த்து உக்கார வெச்சாத்தான் இப்படி ஒரே சீரா நீளும்."

வந்தவர் அப்படியே நாற்காலியில் சரிந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என் பையன் உடம்புக்குப் பக்கத்துல கிடந்துச்சு. நான் அடிச்சதாலதான் ரயில்ல விழுந்தான்னு ஊரே பேசுது. காசு வைக்கத்தான் போயிருக்கான்... சாகப் போகல சார், சாகப் போகல!"