மூடியைப் பார்க்க வந்தவர்கள்

மலைமேல் இருந்த ஒரு பங்களாவின் செப்டிக் டேங்க் மூடிக்கு ஒரு மனக்குறை இருந்தது. எந்நேரமும் அதன்மேல் சருகு குவிந்தே கிடந்ததால், அதன் முகத்தை யாருமே பார்த்ததில்லை.

"நாலு பேர் வந்து போற வீட்டுல என் மானத்தை வாங்குறியே" என்று சருகிடம் சிடுசிடுத்தது மூடி.

"பனிக்காலம் போகட்டும், நானே மக்கிப் போயிடுறேன்" என்றது சருகு. "அதுவரைக்கும் நான் மேல இல்லேன்னா, உனக்குக் கீழே இருக்கிற குழாய்க்குக் குளிர் தாங்காது."

"குழாயை யார் பார்க்கப் போறாங்க?" என்றது மூடி.

மார்கழியில் ரோஜாச் செடிகள் பனியில் கருகாமல் இருக்க, தோட்டக்காரர் அந்தச் சருகை ஒன்றுவிடாமல் அள்ளிப்போய் அவற்றின்மேல் பரப்பினார். விட்டது தொல்லை என்று மூடி வெயிலில் பளிச்சென்று மல்லாந்து கிடந்தது.

மூன்றாம் நாள் உறைபனி இறங்கியது. ரோஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாய்தான் உறைந்து அடைத்துக்கொண்டது. குளியலறையில் அழுக்குத் தண்ணீர் மேலேறி வந்தது.

விடிந்ததும் வீட்டுக்காரர், அவர் மனைவி, வந்திருந்த விருந்தாளிகள் என எல்லோரும் மூடியைச் சுற்றி நின்றார்கள். அது ஆசைப்பட்டதைவிடக் கூட்டம் அதிகம்தான். ஒருவர் விடாமல் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.