ஒருநாள்கூடத் தவறாத ரித்தீஷ்

பன்னிரண்டாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சு கொதித்துப்போயிருந்தது. மேசைமேல் கிடந்த வருகைப் பதிவேட்டில், "செண்பகம், வருகை போதாது. பொதுத்தேர்வு எழுத முடியாது" என்று தலைமையாசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

"அந்தப் பொண்ணு தினமும் என்மேலதான்யா உக்காந்திருக்கா!" என்று பெஞ்சு கத்தியது.

"ஒன்பதரைக்குப் பேர் கூப்பிடும்போது இல்லையே" என்றது பதிவேடு.

"அவ ஊர்ல இருந்து வர்ற ஒரே பஸ்ஸு பத்து மணிக்குத்தான் இறக்கிவிடுது. அதுக்கப்புறம் நாலரை வரைக்கும் நகராம உக்காந்து படிக்கிறாளே, அது உன் கண்ணுல படலையா?"

"பேர் கூப்பிட்டதும் என்னை மூடிவிடுவார்கள். மூடிய பிறகு நடப்பது எனக்கெதற்கு? ரித்தீஷைப் பார், ஒருநாள்கூடத் தவறவில்லை. அவன் இடமும் உன்மேல்தான்."

"எந்த ரித்தீஷ்? அவன் பேரைக் கூப்பிட்டா முன்வரிசையில எவனோ 'உள்ளேன் ஐயா'ங்கிறான். வாத்தியார் தலையை நிமிர்த்திப் பார்த்தாத்தானே! என்மேல அப்படி ஒருத்தன் உக்காந்ததே இல்லையே!"

"குரல் வந்தது. எனக்கு அது போதும்."

தேர்வு நாளன்று செண்பகம் விடியும் முன்பே கிளம்பி நடந்தே வந்துவிட்டாள். ஹால் டிக்கெட் இல்லாததால் வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை. அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

பைக்கில் வந்து இறங்கிய பையன் ஒருவன், கையில் ஹால் டிக்கெட்டோடு அவளிடம் வந்து கேட்டான்:

"ஏங்க, பன்னண்டாவது 'பி' ரூமு எந்தப் பக்கம்?"