தாழ்ப்பாள் இல்லாத கதவு

டப்பாவை அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மறைத்த பிறகுதான் கூச்சமாக இருந்தது. பால் பவுடர் டப்பா. படகிலிருந்து அது இறங்கியதை முகாமில் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

எதிரே வடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் நாற்பது நாள் குழந்தை.

பெரிய குளம் உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்து அது மூன்றாம் நாள். பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு அறையில் பதினொரு குடும்பங்கள்.

டப்பாவை மறைத்தவள் அங்கன்வாடி டீச்சர். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பயிற்சியில் சொன்னது வரி வரியாக நினைவிருந்தது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு முகாமில் பவுடர் கொடுக்கக் கூடாது. புட்டியைக் கொதிக்கவைக்க வழி இருக்காது. புட்டி பழகினால் மார்பில் பால் குறையும். வயிற்றுப்போக்கு வந்தால் இத்தனை சின்ன உடம்பு தாங்காது.

எல்லாம் சரி.

ஆனால் பயிற்சியில் எந்தக் குழந்தையும் அழவில்லை.

காலையில் அழுகை பெரிதாக இருந்தது. இப்போது சின்னதாகிவிட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எத்தனை துணி நனைத்தது என்று கேட்டாள். விடிந்ததிலிருந்து ஒன்றுதான் என்றாள் வடிவு.

டாக்டர் வரும் படகு சாயங்காலம்தான்.

வெள்ளத்தைப் பார்த்த பயத்தில் பால் வற்றிவிட்டது என்று வடிவின் நாத்தனார் செல்லக்கனி அறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"ஒம் பிள்ளைன்னா இப்படி டப்பாவ ஒளிச்சு வச்சிக்கிட்டு நிப்பியா டீச்சர்? ஒனக்கு இன்னும் கல்யாணமே ஆவல. ஒனக்கு என்னத்தத் தெரியும்."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

தெரியாது என்பது உண்மைதான். நோட்டைத் திறந்தாள். வடிவு நேற்று என்ன சாப்பிட்டாள் என்று கேட்டு எழுதினாள். மதியம் புளிசாதப் பொட்டலம், முழுதாக. இரவு உப்புமா. இன்று காலை பொங்கல்.

குறைவில்லை. பிறகு ஏன்?

நிமிர்ந்தாள். வடிவின் உதடுகள் வெடித்திருந்தன. பக்கத்தில் தண்ணீர் பாட்டில். குளோரின் போட்ட ட்ரம்மிலிருந்து நேற்றுக் காலை அவளே பிடித்துக் கொடுத்தது.

கழுத்துவரை அப்படியே இருந்தது.

ஏன் குடிக்கவில்லை என்று கேட்டாள். தாகம் இல்லை என்றாள் வடிவு. அந்தச் சொல் நாக்கில் ஒட்டி ஒட்டி வந்தது.

இன்னொரு தடவை கேட்டாள். இந்த முறை குனிந்து, காதருகே.

வடிவு குழந்தையின் தலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"குடிச்சா போவணும்லா டீச்சர்."

வராந்தாவின் கோடியில் இருந்தது கழிப்பறை. கதவில் தாழ்ப்பாள் கிடையாது. எதிரே ஆண்கள் பகல் முழுக்கச் சீட்டாடினார்கள். ஒதுங்க வேறு இடமில்லை. சுற்றிலும் தண்ணீர். இருட்டிய பிறகு ஒரு தடவை, விடிவதற்குள் ஒரு தடவை. நடுவில் குடிக்காமல் இருப்பது.

மூன்று நாளாக டீச்சரும் அப்படித்தான் இருந்தாள். அப்படி இருந்தும் காரணம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சாப்பிட்டதை எழுத நோட்டில் கட்டம் இருந்தது. இதற்குக் கட்டம் இல்லை.

டப்பாவை எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜைமேல் வைத்தாள். சாயங்காலம் டாக்டர் சொன்னால் உடைத்துத் தருவதாகச் செல்லக்கனியிடம் சொன்னாள். தான் செய்வது சரியா என்று அப்போதும் தெரியவில்லை. குழந்தையைச் செல்லக்கனியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, வடிவைக் கைபிடித்து எழுப்பினாள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள்.

வடிவு உள்ளே போனதும் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்தாள். கதவுக்கு முதுகைக் கொடுத்து, ஆண்களைப் பார்த்தபடி நின்றாள்.

சீட்டாட்டம் நின்றது.

அவள் பார்வையை எடுக்கவில்லை.

ஒருவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து மாடிப்படிப் பக்கம் போனார்கள். சீட்டுகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

வெளியே வந்த வடிவு பாட்டிலை வாங்கி, நின்றபடியே பாதிக்கு மேல் குடித்தாள். மூச்சு வாங்கியது. மீதியையும் குடித்தாள்.

அதற்குள் வராந்தாவில் ஆறேழு பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் முன்னால் நின்ற செல்லக்கனி குழந்தையை வடிவின் கையில் கொடுத்தாள்.

"கொஞ்சம் நவுரு டீச்சர்."

அவள் நகர்ந்து வழிவிட்டாள். பிறகு கதவை இழுத்துப் பிடித்தாள்.

ஒருத்தி வர, இன்னொருத்தி போக, மூன்று மணிவரை அங்கேயே நின்றாள். தோள் வலித்தது.

அறைக்குத் திரும்பியபோது ட்ரம்மில் தண்ணீர் பாதியாகியிருந்தது. வடிவு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள். குழந்தை மார்பில் இருந்தது. அழுகை இல்லை.

அழுகை நின்றதை நம்ப டீச்சருக்குப் பயம். களைத்துப்போன குழந்தையும் அழாது. விழுங்குகிற சத்தம் கேட்க வேண்டும்.

வடிவின் அருகே மண்டியிட்டாள்.

அறையில் பேச்சு அடங்கியது. செல்லக்கனிகூட வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

சப்பும் சத்தம்.

சப்பும் சத்தம்.

நீண்ட நேரம் அது மட்டும்தான்.

பிறகு, சின்னதாக ஒரு மடக்.

வடிவு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். கேட்டதா என்று கண்ணாலேயே கேட்டாள்.

கேட்டது. ஆனால் ஒன்றை வைத்து எப்படிச் சொல்வது?

உதட்டில் விரலை வைத்து, அவள் இன்னொன்றுக்காகக் காத்திருந்தாள்.