வாசல் விளக்கும் சதாப்தியும்

காஸ் அடுப்பைச் சரியாக மூடினோமா இல்லையா என்பது வரலட்சுமிக்கு நினைவுக்கே வரவில்லை. ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் புலம்பியவள், பெங்களூர் சதாப்தி கிளம்பிய பிறகும் நிறுத்தவில்லை.

“என்னங்க, காட்பாடியில இறங்கித் திரும்பிடலாம்.”

“அப்போ பெங்களூர்?” மகள் ராணிக்கு அழுகை முட்டியது.

“இருங்க,” என்றான் பரந்தாமன். “இந்த ரயில் ஆவடி வழியாத்தானே போகுது? நிக்காது. ஆனா நம்ம குவார்ட்டர்ஸ் தண்டவாளத்தை ஒட்டித்தானே இருக்கு, பார்த்துக்கலாம்.”

“பறக்கற ரயில்லேருந்து அடுப்படி தெரியுமா? நல்ல ஆளு!”

இன்னும் சரியாக விடியவில்லை. அம்பத்தூர் ஓடி மறைந்தது. மூவரும் ஜன்னல் கண்ணாடியில் முகம் பதித்தார்கள்.

ஆவடி வந்தது. அவர்கள் வீட்டு வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அடுத்த நொடி வீடே காணோம்.

“ஐயோ! விளக்கை அணைச்சது நல்லா ஞாபகம் இருக்கு. உள்ளே யாரோ இருக்காங்க! சங்கிலியை இழுங்க!”

பரந்தாமன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

“எதிர்வீட்டு ஜேம்ஸ் சார்தான். சாவி அவர்கிட்ட இருக்கே. சென்ட்ரல்ல நீ பெட்டிகளைப் பார்த்துக்கிட்டு இருந்தப்ப அவருக்குப் போன் பண்ணினேன். என் போன்ல சார்ஜ் தீரப்போகுது, திரும்பக் கூப்பிட முடியாது, உள்ளே போய்ப் பாருங்க, காஸ் மூடியிருந்தா வாசல் விளக்கைப் போடுங்கன்னு சொன்னேன்.”

“திறந்திருந்தா போடுங்கன்னு சொல்றதுதானே?”

“காஸ் கசிஞ்சா சுவிட்சைத் தொடக்கூடாது, வரலு. ஒரு பொறி போதும், வீடே போயிடும். அதனாலதான் விளக்கு எரிஞ்சா எல்லாம் சரின்னு வெச்சேன்.”